நாலாம் கிணற்றுக்கு நீராட்டு

நவம்பர் 3, திங்கள்

புது நோட்டு. தொலைந்தால் கண்டெடுப்பவர் கொண்டுவந்து தரட்டும் என்று முதல் பக்கத்தில் ஆள் விவரம் எழுதுவது என் வழக்கம். பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்து மூன்று. அனல்மின் நிலையத்தில் சீனியர் கெமிஸ்ட். தலைமுடி கறுப்பு, ஞாயிறு முதல் புதன்வரை. அடையாளம்: சட்டையின் நாலாவது பொத்தான் எப்போதும் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்.

இன்று காலை எனக்குச் சர்க்கரை 186. நாலாம் கிணற்றுக்கு 4,210.

என் சர்க்கரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். நாலாம் கிணறு யார் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நிலையத்துக்குக் கிழக்கே முந்நூறு ஏக்கரில் சாம்பல் குளம் இருக்கிறது. நாற்பது வருஷமாக எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறதா என்று வேவு பார்க்கச் சுற்றிலும் நாலு குழாய்க் கிணறுகள். மூன்று கிணறுகள் மேட்டுப் பக்கம், தண்ணீர் எந்தக் காலத்திலும் போகாத இடத்தில் இருக்கின்றன. இடம் குறித்தவர் கெட்டிக்காரர். நாலாவது மட்டும் தப்பித் தவறிக் குளத்துக்கும் கீழத்தோப்பு என்ற ஊருக்கும் நடுவே வந்துவிட்டது. ஆறு அங்குலக் குழாய், இரும்பு மூடி, பூட்டு. சாவி என்னிடம். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பதுதான் அந்த 4,210. குடிக்க ஐநூறுக்குள் இருக்கவேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் இரண்டாயிரம்வரை சகித்துக்கொள்ளலாம் என்கிறது விதி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்கு அறிக்கை போகும். அதில் 480 என்று இருக்கும். அடியில் என் கையெழுத்து இருக்கும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

நவம்பர் 6, வியாழன்

கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் பண்டாரம் காலையிலேயே இறால் வாங்கப் போனார். எங்கள் நிலையத்தில் ஆய்வுக்குழு வருகிற செய்தி முதலில் அவருக்குத்தான் தெரியும். கடிதம் தபாலில் வரும், இறால் பையில் வந்துவிடும்.

பதினோரு மணிக்குக் கூட்டம். ஜி.எம். தர்மசீலன் பேசினார். பெயர் அவர் அப்பா அம்மா வைத்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. விஷயம் இதுதான். பழைய சாம்பல் குளம் நிரம்பிவிட்டது, மூடவேண்டும். கீழத்தோப்புக்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனதால் ஒரு குழு வந்து நாலாம் கிணற்றைச் சோதிக்கும். தண்ணீர் சுத்தம் என்று வந்தால், சாம்பல்மேல் ஓரடி மண் போட்டு, மரக்கன்று நட்டு, 'பசுமைப் பூங்கா' என்று பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளலாம். அதன் பிறகு அடியில் என்ன ஊறினாலும் அது பஞ்சாயத்தின் பாடு. சுத்தமில்லை என்று வந்தால் முந்நூறு ஏக்கரையும் நாம்தான் சுத்தப்படுத்தவேண்டும். அது முடியும்வரை, எத்தனை வருஷம் ஆனாலும், ஊருக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொடுக்கவேண்டும்.

பூங்காவுக்குப் பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. குழந்தைகளுக்கு ஊஞ்சல் இரண்டு.

"மிஸ்டர் கோமதி, நாலாம் நம்பர் எப்படி இருக்கு?"

"என்னய மாதிரிதான் சார். பேப்பர்ல ஆரோக்கியமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருஷமாக இந்த நிலையத்தில் என் வேலையே அதுதானோ என்று தோன்றியது.

நவம்பர் 7, வெள்ளி

மழை. குடையை மறந்தேன். தலைச் சாயம் காலர்வரை வந்துவிட்டது. சர்க்கரை 201.

நவம்பர் 10, திங்கள்

செல்லக்கிளி எங்கள் ஆய்வகத்தில் தேநீர் போட்டு, கண்ணாடிக் குடுவைகள் கழுவித் தருகிறவள். கீழத்தோப்புக்காரி. மாதம் ஒருமுறை தூக்குவாளியில் மீன்குழம்பு கொண்டுவருவாள். மாதம் ஒருமுறை நான் வேண்டாம் என்பேன்.

"அண்ணாச்சி, சாளைக் கொழம்பு. நேத்தே வச்சது, ஊறிக் கெடக்கு."

"கொலஸ்ட்ரால், செல்லக்கிளி. மீனப் பாக்கவே கூடாதுங்கார் டாக்டர்."

"யூனியன் விருந்துல சீலா நாலு துண்டு தின்னிய. நாந்தான வெளம்புனேன்."

"அது விருந்துல்லா."

அவள் வாளியை மூடினாள். கோபமெல்லாம் இல்லை. குடுவையைக் கழுவுகிற குரலிலேயே சொன்னாள். "தண்ணிக்குப் பயந்துதான் திங்க மாட்டேங்கியன்னு பத்து வருசமாத் தெரியும். என்னைக்காவது வாயத் தொறந்து சொல்லுவியளான்னுதான் மாசாமாசம் கொண்டாந்து பாக்கேன்."

எனக்கு இருமல் வந்தது. வரவழைத்தேன்.

"பேச்சிக்கு ஏழாம் மாசம்" என்றாள். பேச்சி அவள் மகள், உடன்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறாள். "வளைகாப்பு போட்டுக் கூட்டிட்டு வரணும். அவ மாமியா அனுப்ப மாட்டாளாம். 'ஒங்க ஊரு தண்ணில பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டவா'ன்னு கேக்கா. தலப்பிரசவம் அண்ணாச்சி. பெத்த வீட்டுல வச்சுப் பாக்க முடியலன்னா நான் என்னத்துக்குத் தாய்ன்னு இருக்கேன்."

"ரிப்போர்ட்ல தண்ணி நல்லாருக்குன்னுதான..." என்று ஆரம்பித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

"ஆமா, அதையும் காட்டுனேன் அவகிட்ட. ஒங்க கையெழுத்து போட்டதுல்லா. 'அப்பம் அந்தக் காயிதத்தக் கரைச்சுக் குளிப்பாட்டுங்க'ன்னுட்டா."

நவம்பர் 11, செவ்வாய்

சர்க்கரை 224. கிணறு 4,230.

4,230 எப்படி 480 ஆகிறது என்று எழுதிவிடுகிறேன். மந்திரம் ஒன்றும் இல்லை. மாதிரி எடுப்பதற்கு முந்தின நாள், நிலையக் குடியிருப்பின் ஆற்றுத் தண்ணீரை ஒரு டேங்கர் கொண்டுவந்து குழாய்க்குள் ஊற்றுவோம். எங்களுக்குள் இதற்குப் பெயர் நீராட்டு. எடுக்கிறவர்கள் விதிப்படி முதலில் கொஞ்சம் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள், அதனால்தான் முழு டேங்கர். சுற்றியுள்ள மணலெல்லாம் ஊறி இரண்டு நாளைக்கு இனிப்பாக இருக்கும். மூன்றாம் நாள் கிணறு தன் புத்திக்குத் திரும்பிவிடும்.

பதினொரு வருஷம், நாற்பத்து நாலு நீராட்டு. முதல் தடவை மறுத்தேன். அப்போது இருந்த ஜி.எம். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, இடமாற்றம் இல்லை. ஒரு காபி. அதில் சர்க்கரைகூடக் குறைவு. என் விலையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மிரட்டலுக்குப் பயந்து கெட்டுப்போயிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

உண்மையான எண்ணை எங்காவது எழுதாவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால்தான் தினம் சர்க்கரைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். டாக்டரிடம் சொல்கிறவன் நோயாளி. நோட்டிடம் சொல்கிறவன் என்ன சாதி என்று தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நாளை குழு வருகிறது. இன்று நீராட்டு.

வந்தது சிக்கல். செவ்வாய் மழையில் ஆற்றுக் குழாய் உடைந்து குடியிருப்பில் இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வீட்டில் மனைவி வடிவு கேன் தண்ணீரில் துணி அலசுகிறாள். ஜி.எம்.மின் முகம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"எங்கேர்ந்தாவது ஊத்துங்க மிஸ்டர் கோமதி. சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"எழுதிக் குடுத்திருங்க சார்."

"இதெல்லாமா எழுதுவாங்க" என்று சிரித்தார்.

டேங்கர் ஓட்டுநர் உலகநாதனும் நானும் வாசலில் நின்று யோசித்தோம். பக்கத்தில் டி.எம். தண்ணீர்த் தொட்டி நின்றது. பாய்லருக்குள் போகிற தண்ணீர் அது. கொஞ்சம் உப்பிருந்தாலும் பாய்லர்க் குழாய் கெட்டுவிடும் என்று உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் கடைசிவரை உறிஞ்சி எடுத்த தண்ணீர். எங்கள் நிலையத்தில் அதைவிடச் சுத்தமான வஸ்து எதுவும் கிடையாது, மனுஷரையும் சேர்த்து.

"அதுல ரொப்பிருவமா சார்?" என்றான் உலகநாதன்.

"ஜி.எம். சுத்தமா வேணுங்கார். அதவிட சுத்தம் எங்க கெடக்கு" என்றேன்.

பன்னிரண்டாயிரம் லிட்டர். ஊற்றி முடிக்க ஒன்றே கால் மணி நேரம். மூடியைப் பூட்டிவிட்டு, பூட்டுப் பதிவேட்டில் தேதி, நேரம், 'டேங்கர், டி.எம். தொட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன சார், எழுதுதிய? இத்தன வருசத்துல நீராட்டுக்கு எழுதுனதே இல்லியே" என்றான்.

பழக்கதோஷம். அவனுக்கு என் பழக்கம் என்ன தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

விரிவாக எழுதவேண்டிய நாள்.

பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் டாக்டர் நிலோஃபர், மண்ணியல் பேராசிரியை, என் வயதுதான் இருக்கும். தலைக்குச் சாயம் கிடையாது. அந்தத் துணிச்சலைப் பார்த்தவுடனேயே எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. கெஸ்ட் ஹவுஸில் டிபன் என்றதும், "வேலை முடியட்டும்" என்றார். பண்டாரத்தின் இறால் தனியாக நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கீழத்தோப்பு முழுக்க நின்றது. செல்லக்கிளி தேநீர்த் தட்டோடு இந்தப் பக்கம்.

முறைப்படி இறைத்துக் கொட்டினார்கள். பிறகு ஒரு குவளையில் பிடித்து, பேனா போன்ற ஒரு மீட்டரை அதில் முக்கினார் நிலோஃபர். பார்த்தார். மீட்டரை உதறினார். மறுபடி முக்கினார். பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்தார்.

"ஒன்பது" என்றார்.

ஜி.எம். முகம் மலர்ந்தது. அவர் படித்தது மெக்கானிக்கல். "எங்க நிலத்தடி நீர் எப்பவுமே நல்லா இருக்கும் மேடம்."

"நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு. இவ்வளவு நல்ல தண்ணிய நான் பேட்டரி கடையிலதான் பாத்திருக்கேன்."

"மழை மேடம். ஒரு வாரமா மழை."

கிணற்று மேடைமேல் மழைத் தண்ணீர் குழியாகத் தேங்கியிருந்தது. அவர் குனிந்து அதிலும் மீட்டரை வைத்தார். "வானத்துலேர்ந்து வந்து சிமெண்ட்ல கெடக்கிறது தொண்ணூத்தாறு. உங்க மண்ணுக்குள்ள நாப்பது அடி ஊறி வந்தது ஒன்பது. மண்ணு உப்ப வடிகட்டுதா சார்?"

செல்லக்கிளி தேநீரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "அம்மா, இங்கேருந்து எரநூறு அடி தள்ளித்தான் எங்க வீட்டு அடிபம்பு. அதுல வாரதத் தொட்டுப் பாருங்க. எங்களுக்கு மட்டும் ஏன் பேட்டரித் தண்ணி வர மாட்டேங்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

வேலிக்கு அப்பால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் சிரித்ததில்லை. அதில் பல்லெல்லாம் தெரிந்தது.

அடிபம்பில் 4,380.

"இந்த மூடிய கடைசியா எப்பத் திறந்தீங்க?" என்று கேட்டார் நிலோஃபர். ஜி.எம். என்னைப் பார்த்தார். "மூணு மாசம் இருக்கும்" என்று அவர் சொல்லி முடிக்கவும் நான் பதிவேட்டை நீட்டவும் சரியாக இருந்தது. கேட்டால் கொடுக்கவேண்டும் என்பது விதி.

அவர் வாசித்தார். என்னை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கெமிஸ்ட்தானே?"

"ஆமா மேடம்."

"டி.எம். தண்ணி என்ன காட்டும்னு தெரியாதா?"

"மறந்துட்டேன் மேடம்."

இங்கேயும் அதையே எழுதுகிறேன். மறந்துவிட்டேன். வயசாகிறது.

குழு தன் பூட்டைப் போட்டு, தன் காவலாளியை உட்காரவைத்து, கிணற்றை இரண்டு நாள் இறைக்கச் சொல்லிவிட்டுப் போனது. டிபன் சாப்பிடவில்லை. இறாலை நாங்கள் சாப்பிட்டோம்.

நவம்பர் 17, திங்கள்

மெமோ. 'மேலதிகாரி எவருடைய உத்தரவுமின்றி, தன்னிச்சையாக, நிறுவனத்தின் நற்பெயருக்கு...' மூன்று பக்கம். தற்காலிகப் பணிநீக்கம். மெமோவில் ஏழு எழுத்துப்பிழை, திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வடிவு படித்துப் பார்த்தாள். "அப்ப நாளையிலேர்ந்து வீட்டுலயா இருப்பிய?" என்றாள். கவலை எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

குழுவின் பூட்டில் நாலாம் கிணறு: 4,150. பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அது தன் சொந்த வாயால் பேசியிருக்கிறது. எனக்குச் சர்க்கரை 178. பணிநீக்கம் உடம்புக்கு நல்லது.

டிசம்பர் 5, வெள்ளி

ஊருக்கு உடனே தண்ணீர் தர இடைக்கால உத்தரவு. நிறுவனம் கீழத்தோப்பில் கறுப்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. ஜி.எம். ரிப்பன் வெட்டினார். போட்டோ எடுத்தார்கள். தொட்டிக்குள் தண்ணீர் இல்லை. குழாய் இணைப்பு 'பரிசீலனையில்' இருக்கிறதாம். ஊர்க்காரர்கள் அதன் நிழலில் ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

பேச்சியின் மாமியார் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, தொட்டியைத் தட்டி ஓசை கேட்டுச் சொல்லச் சொன்னாளாம்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று வந்த கோபத்துக்கு நோட்டின் கோடுகள் போதாது.

நிறுவனம் பதில் மனு போட்டிருக்கிறது. நகல் கையில் இருக்கிறது. நாலாம் கிணற்றில் உப்பு இருப்பது உண்மையாம். ஆனால் அது சாம்பலால் இல்லையாம். இந்த வருஷப் புயலில் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம். ஆதாரம்? 'கடந்த பதினொரு ஆண்டுகளாகத் தண்ணீர் தூய்மையாகவே இருந்தது என்பதை அனுபவமிக்க வேதியியலாளர் திரு. கோமதிநாயகம் கையொப்பமிட்ட நாற்பத்து நான்கு அறிக்கைகள் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கின்றன.'

மெமோவில் நான் தான்தோன்றி, மனுவில் அனுபவமிக்கவன். நடுவில் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரே தட்டச்சுக்காரர்.

இது ஏற்கப்பட்டால் குளத்தைச் சுத்தப்படுத்த வேண்டாம். தண்ணீர் தரவும் வேண்டாம். கடல்மேல் வழக்குப் போடவேண்டியதுதான். ஓரடி மண், மரக்கன்று, ஊஞ்சல். கீழத்தோப்பின் கழுத்தில் கட்டுகிற கயிற்றை நாற்பத்து நாலு புரியாக நானே திரித்துக் கொடுத்திருக்கிறேன், அழகான கையெழுத்தில். தர்மசீலனைத் திட்ட வாயைத் திறந்தால் என் பெயர்தான் வருகிறது.

பரணைப் பார்த்தேன். பழைய நோட்டுகள் பத்து, பிரம்புக்கூடையில். இதோடு பதினொன்று. முதல் நோட்டில் கிணறு 910. கரையை உயர்த்தி மேலும் சாம்பல் கொட்டிய வருஷம் 1,700. மறுபடி உயர்த்தியபோது 2,900. கடல் இத்தனை ஒழுங்காகப் படியேறி வராது.

டிசம்பர் 17, புதன்

நிலோஃபருக்குப் போன் செய்தேன்.

"அசல் நோட்டா? எல்லாம் இருக்கா?"

"இருக்கு மேடம். எண்ணை மட்டும் எழுதி எடுத்துக் குடுத்தா போதுமா? இதுல நம்ம சொந்தக் கதையும் கொஞ்சம் கெடக்கு."

"ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாலும் அவங்க வக்கீல் இத செல்லாதுன்னுடுவார். முழுசா வேணும். அப்புறம் சார், நாப்பத்து நாலு பொய் அறிக்கைக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரும். பென்ஷன் நிக்கலாம். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் மேடம். அதான் மொதல்லயே உக்காந்துட்டுப் பேசுதேன்."

வடிவு மூன்று நாளாகப் பதினொரு நோட்டையும் படிக்கிறாள். இதற்கு முன் தொட்டதில்லை.

"எந்தம்பி புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்ட்டு வந்து இப்படியா எழுதுவிய?"

"அந்தப் பாயசம் அப்படி இருந்துச்சு."

"கோர்ட்ல வாசிப்பாவளா?"

"நம்பரத்தான் வாசிப்பாவ."

"இந்த இடத்துல நம்பர் பாயசத்துக்குப் பக்கத்துலல்லா இருக்கு." கொஞ்ச நேரம் புரட்டினாள். பிறகு குரல் மாறிவிட்டது. "தெனமும் எழுதியிருக்கிய. தெனமும் தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு."

அவள் பழைய பத்து நோட்டையும் தேதிவாரியாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாள். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. இரவு எனக்கு மட்டும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

டிசம்பர் 22, திங்கள்

நாளை பத்து மணிக்கு ஒப்படைக்கவேண்டும். ஆகவே இதுதான் இந்த நோட்டில் கடைசி. படிக்கப்போகிற கனம் நீதிபதி அவர்களுக்கு ஒன்று: நவம்பர் பதினாலாம் தேதி மறந்துவிட்டேன் என்று எழுதியிருப்பது அப்படியே இருக்கட்டும். மற்றதெல்லாம் மறக்காமல் எழுதியது.

மதியம் செல்லக்கிளி வீட்டுக்கு வந்தாள். கையில் அதே தூக்குவாளி. பேச்சியை மாமியார் இன்னும் அனுப்பவில்லை. 'தீர்ப்பு வரட்டும், தண்ணி வரட்டும், பொறவு பாப்பம்' என்கிறாளாம். நாள் நெருங்குகிறது.

"நோட்டக் குடுக்கப் போறியளாமே" என்றாள்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. வடிவக்கா கடையில கயிறு வாங்கும்போதே தெரியும்."

நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்வாளோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வாளியைத் திறந்தாள். சாளை.

தட்டை நானே எடுத்துவந்தேன். இந்த ஒரு வேளை அந்தத் தண்ணீரைத் தின்றுவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். பெரிய தியாகம்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது பொத்தான் தெறித்தது. முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது அவள் சொன்னாள்.

"பயப்படாம தின்னுங்க அண்ணாச்சி. கேன் தண்ணிலதான் வச்சது. எப்பவும் ஒங்களுக்குக் கேன் தண்ணிலதான் வைப்பேன்."

"பத்து வருசமாவா?"

"பெறவு? திங்கக் குடுக்கதுக்கு அந்தத் தண்ணியவா ஊத்துவாவ."

சாப்பிட்டேன். முள் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் இறங்க வெகுநேரம் பிடித்தது.

சர்க்கரை பார்க்கவில்லை. அவள் வீட்டு அடிபம்பு, இன்று மாலை: 4,390.